வேலி தாண்டத் தெரிந்த பன்றி: டெக்சஸில் நியாயமான வேட்டை தேடுவோருக்கு

டெக்சஸில் ஏதாவது ஒரு பண்ணைக்குப் போன் செய்து "பன்றி வேட்டைக்கு எவ்வளவு?" என்று தொடங்கினால் விலை கிடைக்கும். வேட்டை கிடைக்குமா என்பது சந்தேகம். நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். பன்றி நினைத்தால் அந்த நிலத்தை விட்டு வெளியே போக முடியுமா? நான் வெறுங்கையோடு வீடு திரும்ப வாய்ப்பு உண்டா? இரண்டுக்கும் "உண்டு" என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசுவேன். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் எதிர்முனையில் சிரிப்புதான் வரும். ஏமாற்றம் சாத்தியமா என்று உறுதிப்படுத்திக்கொண்டு பணம் கட்டுகிறவரை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை போலும்.

ஃபேர் சேஸ் என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் சொல்லும் நெறியின் சாரம் அந்த இரண்டு கேள்விகளிலும் அடங்கிவிடுகிறது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் இந்த நெறிக்கு நீண்ட காலமாகக் கொடிபிடித்து வருகிறது. சுதந்திரமாகத் திரியும் விலங்கைச் சட்டத்துக்கு உட்பட்டு, வேட்டைக்காரருக்கு முறையற்ற சாதகம் இல்லாமல் தேடிச் செல்ல வேண்டும் என்பது அவர்களின் விளக்கம். அந்த விளக்கத்தில் விலங்கு வட அமெரிக்க மண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. பன்றிக்கு அந்தத் தகுதி இல்லை. 1539இல் எர்னாந்தோ தெ சோத்தோ ஃபுளோரிடாவில் கரையிறங்கியபோது படைக்கு உணவாக ஓட்டிவந்த பன்றிகள், பின்னால் வந்த குடியேறிகள் அவிழ்த்துவிட்டு மேயவிட்ட பன்றிகள், 1912இல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில் வேட்டைக்காக இறக்கப்பட்டு வேலியை உடைத்துப் போன ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் என எல்லாம் கலந்த கூட்டம்தான் இன்று இங்கே திரிகிறது. குறைந்தது 35 மாநிலங்களில், 60 லட்சத்துக்கும் மேல் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது.

இதை வைத்து ஒரு வாதம் உண்டு. பயிரை அழிக்கிற, மண்ணைக் கிளறிப் பாழாக்குகிற அயல் விலங்குக்கு என்ன நியாயம், எப்படிக் கொன்றால் என்ன? நிலத்துக்காரர் அப்படிப் பேசினால் நான் மறுப்பதில்லை. ஒரே இரவில் சோளக்கொல்லையை இழந்தவர் கூண்டு வைக்கட்டும், ஹெலிகாப்டர் வரவழைக்கட்டும். டெக்சஸில் 2011 முதல் ஹெலிகாப்டரிலிருந்து பன்றி சுடுவதற்குக் கட்டணம் வாங்குவதுகூடச் சட்டப்படி செல்லும். ஆனால் அதற்குப் பெயர் கட்டுப்பாடு. கூட்டம் பெருகாமல் நிறுத்த ஆண்டுதோறும் சுமார் மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்பது டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அக்ரிலைஃப் வேளாண் விரிவாக்கத் துறை சொல்லும் கணக்கு. நீங்களும் நானும் சனிக்கிழமை போய் ஒன்றைச் சுடுவதால் அந்தக் கணக்கில் ஒரு சிட்டிகைகூட மாறாது. சூழலைக் காக்கப் போகிறோம் என்ற பாவனையை வீட்டிலேயே வைத்துவிட்டு, வேட்டைக்குப் போகிறோம் என்று ஒப்புக்கொண்டால், அதை ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது.

விசாவில் இருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது

நம்மவர்களில் பலரும் அறியாத இடம் இது. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 922ஆம் பிரிவு. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். வழிகாட்டியின் துப்பாக்கியை இரவல் வாங்கிப் பிடிப்பதும் கையில் வைத்திருப்பதுதான். அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் அனுமதியோடு பன்றி வேட்டையாட உரிமம் தேவையில்லை. பண்ணைக்காரர் நல்லெண்ணத்தோடு "லைசன்ஸ் எல்லாம் வேண்டாம், வாருங்கள்" என்பார். அவர் சொல்வது மாநிலச் சட்டம். அவருக்கு அது சரி, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவருக்கும் சரி. ஹெச்-1பியில் இருக்கும் உங்களுக்கோ, மாநிலம் கேட்காத அந்த உரிமம்தான் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து காப்பாற்றுகிறது. ஆகவே வாங்குங்கள். டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வசித்தால் உள்ளூர்வாசிக் கட்டணம், நான் வாங்கியபோது 25 டாலர். வெளிமாநிலத்திலிருந்து வருபவருக்கு ஐந்து நாள் சிறப்பு உரிமம் 48 டாலருக்குக் கிடைத்தது. பன்றி அதில் அடங்கும். ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருக்கிறது, செப்டம்பரில் உரிமத்தைப் புதுப்பிக்க மறந்துவிட்டீர்கள் என்றால், அலமாரியைத் திறக்காமலேயே சட்டத்தை மீறியவர் ஆகிறீர்கள். குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் இந்த ஒரு விஷயத்துக்காவது வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடலாம்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு டெக்சஸ் வேட்டைக் கல்விப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமம் வேண்டாத தனியார் நிலத்துக்கு மட்டுமே போவதாக இருந்தாலும் முடித்துவிடுங்கள். துப்பாக்கியை வாழ்நாளில் முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு அது வெறும் சடங்கு அல்ல.

வேலியைக் கண்டுபிடிப்பது

மாடு வளர்க்கும் நிலங்களில் மார்பளவு முள்கம்பி வேலி இருக்கும். பன்றிக்கு அது பொருட்டே இல்லை. அடியில் மூக்கை நுழைத்து, மண்ணைத் தள்ளி, உடலை இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த இடங்களில் கம்பியின் கீழ்வரிசையில் காய்ந்த சேறும் கருமயிரும் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். இங்கே தாழ்வேலி நிலம் என்பது இதைத்தான். உயர்வேலி என்பது மான் தாண்டாதபடி எட்டடிக்கு எழுப்பிய வலைக்கம்பி. ஆயிரக்கணக்கான ஏக்கரைச் சுற்றிய உயர்வேலிக்கும் அறுபது ஏக்கர் தொழுவத்துக்கும் வேறுபாடு உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்டுதான். பெரிய நிலத்தில் பன்றி ஒளிய இடம் இருக்கிறது. ஆனாலும் நான் உயர்வேலிக்குள் பணம் கட்டுவதில்லை. எவ்வளவு பெரிய வேலியானாலும் அதன் கணக்கு உரிமையாளருக்குத் தெரியும், உள்ளே இருப்பதற்குத் தெரியாது.

விளம்பரத்தில் "தாழ்வேலி" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் சரிபார்க்கலாம். ஒவ்வொரு கவுன்டிக்கும் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் இருக்கிறது. பெரும்பாலானவற்றின் பதிவுகளை இணையத்தில் தேடலாம். நிலத்தின் எல்லை, ஏக்கர் கணக்கு எல்லாம் கிடைக்கும். அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். உயர்வேலி போட்டவர்கள் வேலியோரம் புதரை இயந்திரத்தால் மழித்து, வண்டி போகும் அகலத்துக்குப் பாதை விட்டிருப்பார்கள். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல எல்லை முழுக்க வெள்ளைக் கோடு தெரியும். இது மட்டுமே ஆதாரம் ஆகாது, தாழ்வேலிக்கும் சிலர் அப்படிப் பாதை வெட்டுவதுண்டு. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தால் கேள்வி கூர்மையாக வரும். "வடக்கு எல்லையில் ஒரு பாதை தெரிகிறதே, அங்கே வேலி எத்தனை அடி?" என்று கேட்பவரிடம் யாரும் சுற்றிவளைத்துப் பேசுவதில்லை.

அடுத்து, பன்றி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். டெக்சஸில் கூண்டில் பிடித்த ஆண் பன்றிகளை, மாநிலக் கால்நடை நல ஆணையத்தின் அனுமதி பெற்ற வேட்டைக் காப்பிடங்களில் கொண்டுபோய் விடலாம். பெண் பன்றிகளை அப்படி விடக் கூடாது. இதை வைத்துப் படங்களைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரு பண்ணையின் படங்கள் எல்லாவற்றிலும் பெரிய கோரைப்பல் ஆண்களே கிடக்கின்றன, ஒரு பெட்டையோ குட்டியோ எங்கும் இல்லை என்றால், அது இயற்கையான கூட்டம் அல்ல. காட்டில் நீங்கள் முதலில் பார்ப்பது குட்டிகளும் பெட்டைகளும் கலந்த கும்பலைத்தான். முதிர்ந்த ஆண் தனியாகத் திரியும், கடைசியாகத்தான் கண்ணில் படும்.

கோரைப்பல்லின் நீளத்துக்கோ எடைக்கோ ஏற்ப விலைப்பட்டியல் போட்டிருந்தால் விலகிவிடுங்கள். தனக்குச் சொந்தமில்லாத, எப்போது வரும் என்று தெரியாத பன்றிக்கு ஒருவர் எப்படி அங்குலக் கணக்கில் விலை குறிக்க முடியும்? கலப்பில்லாத ஐரோப்பியக் காட்டுப்பன்றி என்ற பாவனையில் "ரஷ்யப் பன்றி" என்று பெயர் சூட்டிக் கூடுதல் பணம் கேட்பதும் அதே ரகம். "பன்றி கிடைக்காவிட்டால் பணம் வேண்டாம்" என்பது கேட்க நேர்மையாகத் தோன்றும். யோசித்துப் பாருங்கள்: நட்டத்தைத் தான் ஏற்பவர், நட்டம் வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பார். எனக்குப் பிடித்த பண்ணைகளில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மட்டுமே கட்டணம். 200, 300 டாலர் அளவில் இருக்கும். பன்றி வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை. சென்ற மாதம் வந்தவர்களில் எத்தனை பேர் வெறுங்கையோடு போனார்கள் என்று கேட்டால், உண்மையான வழிகாட்டி ஒரு எண்ணைச் சொல்வார். "யாருமே இல்லை" என்றால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

கட்டணம் இல்லாத கதவுகள்

டெக்சஸ் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தனியாருடையது. ஆகவே உண்மையில் நல்ல வேட்டை, விளம்பரம் செய்யாத விவசாயியின் நிலத்தில்தான் இருக்கிறது. நிலக்கடலை, நெல், சோளம், வைக்கோல் புல் போடும் கவுன்டிகளைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள அக்ரிலைஃப் அலுவலருக்கு யார் நிலத்தில் பன்றித் தொல்லை என்று தெரியும். பெயர் தராவிட்டாலும் உங்கள் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வார். தீவனக் கடைக்காரர் அதைவிட நல்ல தகவலாளி. வாரநாள் காலையில் போய், ஏதாவது வாங்கிவிட்டு, பேச்சுக் கொடுங்கள்.

எப்போது கேட்கிறீர்கள் என்பது முக்கியம். வெள்ளைவால் மான் வேட்டைக்காலம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஜனவரியில் முடிகிறது. அந்த நாட்களில் நிலம் மான் வேட்டைக்காரர்களின் குத்தகையில் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரை உள்ளே விட்டால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். பிப்ரவரியில் கேளுங்கள். குத்தகைக்காரர்கள் போயிருப்பார்கள், கருவாலிக் கொட்டைகள் தீர்ந்து பன்றிகள் பசியோடு பகலிலும் அலையும், பாம்புகளும் உண்ணிகளும் குறைவு. பன்றிக்கு வேட்டைக்காலம் என்று தனியாக எதுவும் இல்லை, ஆண்டு முழுதும் ஆடலாம். ஆனால் ஜூலையில் போகிறவர் வேட்டையாடுவது கொசுவைத்தான்.

விவசாயியின் கவலை பன்றி அல்ல, நீங்கள். காலை உடைத்துக்கொண்டு வழக்குப் போடுவீர்களோ, மாட்டைச் சுட்டுவிடுவீர்களோ, நாலு பேரை அழைத்து வருவீர்களோ என்பதுதான். பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் டெக்சஸ் சட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது தெரியும். நீங்களாகவே பொறுப்பு விலக்குக் கடிதம் ஒன்றை அச்சிட்டு, கையெழுத்திட்டு நீட்டினால் பேச்சின் போக்கே மாறும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் தேதி, எந்த வயல், யார் யார். கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். வேலியில் கம்பி அறுந்திருந்தால் கட்டிவிட்டுச் சொல்லுங்கள். மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறக் கோடு பூசியிருந்தால் அத்துமீறி நுழையாதே என்று பொருள். 1997 முதல் எழுத்துப் பலகைக்கு நிகரான எச்சரிக்கையாக டெக்சஸ் சட்டம் அதை ஏற்கிறது. துரத்திப் போகும் ஆர்வத்தில் அந்தக் கோட்டைத் தாண்டினால் பன்றியைவிடப் பெரிய சிக்கல்.

பொதுநிலம் வேண்டும் என்பவர்களுக்கு மாநில வனவிலங்குத் துறையின் ஆண்டுப் பொது வேட்டை அனுமதி 48 டாலர். வரைபடக் கையேட்டோடு பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலம் திறக்கிறது. ஹூஸ்டனுக்கு வடக்கே சாம் ஹூஸ்டன் தேசியக் காடு அதில் ஒன்று. போமாண்ட் பக்கம் பிக் திக்கெட் தேசியக் காப்பகம் தனியாகக் கட்டணமில்லா அனுமதி தருகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் எந்த மாதத்தில் எந்த ஆயுதம் என்ற விதி வேறு வேறு, அதைக் கையேட்டில் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பொதுநிலத்துக்கு உரிமம் எல்லோருக்கும் தேவை. மாநிலத்தின் பொது வேட்டை நிலங்களில் பகலில் துப்பாக்கியோடு போனால் ஒளிரும் ஆரஞ்சு நிற உடையும் தேவை: 400 சதுர அங்குலம், அதில் 144 மார்பிலும் 144 முதுகிலும், கூடவே தொப்பி. பொதுநிலத்துப் பன்றி மனிதரின் வாடையை நன்றாக அறிந்தது. கிடைப்பது அரிது, நடை அதிகம். நான் அதிகம் கற்றது அங்கேதான்.

டெக்சஸுக்கு வெளியே நிலைமை மாறும். கலிஃபோர்னியாவில் வேட்டைக்கு ஈயம் இல்லாத தோட்டாதான் பயன்படுத்த வேண்டும். 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் அதுவே விதி. டென்னசியும் கான்சஸும் பன்றியை விளையாட்டு வேட்டைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டன. மிசோரி தன் வனவளப் பாதுகாப்புத் துறையின் நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்திருக்கிறது. காரணம் வேட்டைக்காரர்கள்தான். பொழுதுபோக்கு தங்கள் ஊருக்கும் வேண்டும் என்று பிக்கப்பில் பன்றிகளை ஏற்றிவந்து புதிய காடுகளில் அவிழ்த்துவிட்டார்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் சினை காலம் உள்ள விலங்கை அப்படிப் பரப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

தீவனம், இரவு, நாய்

வேலி இல்லை, பன்றி காட்டுப்பன்றிதான். அப்போதும் வேட்டை நியாயமானதா என்பது முறையைப் பொறுத்தது. சட்டம் இங்கே உதவாது; டெக்சஸ் தனியார் நிலத்தில் தீவனமிட்டுச் சுடலாம், இரவில் சுடலாம், வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வைத்துச் சுடலாம், நாய் விடலாம்.

பெரும்பாலான பண்ணைகள் தருவது பரண் வேட்டை. மூன்று காலில் நிற்கும் தீவனப்பெட்டி காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் மக்காச்சோளத்தை விசிறும். எழுபது எண்பது கஜத்தில் பெட்டி போன்ற மறைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பந்தியில் இலை போட்டதும் வந்து உட்காரும் விருந்தாளியைச் சுடுவது போல எனக்குப் படுகிறது. ஆனால் இதில் நான் கறாராக இல்லை. முதுமையோ முழங்கால் வலியோ உள்ளவர், முதன்முறை துப்பாக்கி பிடிப்பவர், பிள்ளையோடு வந்தவர் அசையாத பன்றியை நெருக்கத்தில் சுட்டு உடனே வீழ்த்துவது, ஓடுவதைச் சுட்டுக் காயப்படுத்துவதைவிட மேல். உடம்பு ஒத்துழைப்பவர்கள், "தீவனப்பெட்டி இல்லாமல், காற்றுக்கு எதிராக நடந்து தேடும் வேட்டை தருவீர்களா?" என்று கேளுங்கள். பல வழிகாட்டிகள் முகம் மலர்ந்து ஒப்புக்கொள்வார்கள். அவர்களுக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது சலித்துத்தான் போயிருக்கும்.

தெர்மல் ஸ்கோப்பை நான் தொடுவதில்லை. இருட்டு பன்றியின் பங்கு, அதையும் பிடுங்கிக்கொண்டால் அதற்கு மிச்சம் என்ன? நாய் வேட்டையைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஹவாயில் அது பழகிப்போன வழக்கம், துணிச்சலும் வேண்டும். எனக்கு நாய்களின் கிழிந்த வயிற்றைப் பார்க்க மனமில்லை, அவ்வளவுதான்.

நிலத்தில் இறங்கிய பின்

பன்றியின் கண் சுமார், காது நன்று, மூக்கு அபாரம். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் எத்தனை மெல்ல நடந்தாலும் பயனில்லை. முகப்பவுடர் டப்பா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்து, அடிக்கடி தட்டி, தூள் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். ஓடைக்கரை, சேற்றுக்குழி, அதை ஒட்டிய மரங்களில் இடுப்பளவுக்குப் பூசிய சேறு, ஏர் உழுததுபோல் புரட்டிய புல்வெளி ஆகியவை அடையாளங்கள். புரட்டிய மண் ஈரமாகவும் கருமையாகவும் இருந்தால் நேற்றிரவு வேலை. சேற்றில் காலடியைப் பார்த்தால் மானின் குளம்பு கூராகவும் பன்றியுடையது மழுங்கலாகவும் இருக்கும். கூட்டத்தை நெருங்கும்போது உறுமலும் கீச்சுக்குரலும் முதலில் கேட்கும். அவை சத்தமாகத் தின்னும்வரை நடக்கலாம், சத்தம் நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள்.

தெற்கு, மேற்கு டெக்சஸில் ஹாவெலீனா என்ற சிறு விலங்கு இருக்கிறது. பன்றிபோல் தோன்றும், பன்றி இல்லை. கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை, வால் கண்ணுக்கே தெரியாது. இந்த மண்ணுக்கு உரியது, உரிமமும் வேட்டைக்காலமும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. அடையாளம் உறுதியாகாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது.

மான் வேட்டையிலிருந்து வருபவர்கள் தோளுக்குப் பின்னால் குறிவைப்பார்கள். பன்றியின் இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னால், தாழ்வாக இருக்கின்றன. பின்னால் பட்ட குண்டு குடலில் போகும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்மேலே, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கில் வையுங்கள். முதிர்ந்த ஆணின் தோளில் கெட்டியான குருத்துக் கவசம் இருக்கிறது. அதனால் .308, .270 போன்ற காலிபர்களை (தோட்டா அளவுகளை) நான் நம்புகிறேன். சிறியவற்றாலும் முடியும், கை தேர்ந்தவருக்கு. நூறு கஜத்துக்குள் வராததை விட்டுவிடுவது என் வழக்கம். குட்டிகளோடு வரும் பெட்டையை என்ன செய்வது என்பதை நிலத்துக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். அவர் எல்லாவற்றையும் சுடச் சொல்வார். உங்களால் முடியாது என்றால் வருவதற்கு முன்பே சொல்வதுதான் மரியாதை, அவர் நிலத்தில் நின்றுகொண்டு அல்ல.

இறைச்சி

கையுறை இல்லாமல் பன்றியைத் தொடாதீர்கள். புரூசெல்லா கிருமி இரத்தத்தின் வழியாகக் கையிலுள்ள கீறலில் ஏறும்; விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக நீண்ட நாள் படுத்தும். நாய்க்குப் பச்சை இறைச்சியோ குடலோ போடக் கூடாது. போலி வெறிநோய் என்ற வைரஸ் பன்றியைக் கொல்லாவிட்டாலும் நாயைக் கொன்றுவிடும். தோலை உரித்ததும் கொழுப்பு நீல நிறமாக இருந்தால் அந்தப் பன்றி சாயம் கலந்த நஞ்சுத் தீனியைத் தின்றிருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள். நல்ல இறைச்சியென்றாலும் உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டும்வரை வேக வேண்டும்.

சுவைக்கு இளம்பெட்டைதான். நூறு பவுண்டுக்குக் கீழ் இருந்தால் சிறப்பு. கிழட்டு ஆணின் வாடை எந்த மசாலாவுக்கும் அடங்காது. என் கணவர் துப்பாக்கிப் பக்கமே வர மாட்டார், மிளகு வறுவலுக்கு மட்டும் முதல் ஆளாகத் தட்டோடு உட்காருவார். டெக்சஸ் வெயிலில் இறைச்சி விரைவில் கெடும். குடலை உடனே எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, உருகும் நீரை வடித்துக்கொண்டே இருங்கள். சொந்தத் தேவைக்கு மேல் இருப்பதைக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. வெட்டித்தரும் கடைகள் மானை மட்டும் வாங்கிப் பன்றியை மறுப்பதுண்டு, சில தோல் உரித்து வந்தால்தான் ஏற்கும். எந்தக் கடை, ஞாயிறு திறந்திருக்குமா என்று வெள்ளிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.